பதினோரு 'ஏன்'

தேவகோட்டை,
ஞாயிறு இரவு

மாப்ளே,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உபதேசியாருக்கு அதே சைக்கிள், அதே மணி. விஷயத்துக்கு வருகிறேன்.

சாமியார் வந்து உன் புது வீட்டை மந்திரிக்கிற நாளுக்கு நீ எழுதி அனுப்பிய நன்றிச் செபத்தை மூன்று தடவை படித்தாயிற்று. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. குண்டு வாத்தியார் பார்த்திருந்தால் அழுதிருப்பார். ஆனால் "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று தொடங்கியவன், கடனில்லாமல் கட்டினேன், கோவில் வரியைத் தவறாமல் செலுத்தினேன், பிள்ளைகளை ஒழுக்கமாக வளர்த்தேன் என்று போய்க்கொண்டே இருக்கிறாய். எண்ணிப் பார்த்ததில், 'நான் செய்தேன்' என்று முடிகிற பதினோரு 'ஏன்' விகுதி.

லூக்கா நற்செய்தி 18இல் இயேசு சொல்லும் கதையில் இரண்டு பேர் கோவிலில் செபிக்கிறார்கள். அதில் சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடிக்கிற பரிசேயர் பேசுவதைப் பிரித்துப் பார். நன்றி செலுத்துகிறேன், நோன்பிருக்கிறேன், கொடுக்கிறேன். அவர் சொன்னதில் பொய் கிடையாது. நாம் அதைத்தான் மறந்துவிடுகிறோம். மோசேயின் சட்டம் கட்டாயமாக்கிய நோன்பு ஆண்டுக்கு ஒன்று, பாவக் கழுவாய் நாளில். இவருக்கு வாரத்துக்கு இரண்டு. நன்றி என்ற சொல்லும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் கடவுளுக்கு அந்தச் செபத்தில் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேலையே இல்லை. இன்னொருவரான வரிதண்டுபவர் சொன்னது ஒரே வரி: "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்." அங்கே வினை கடவுளுடையது. மாதாவின் பாடலிலும் அப்படித்தான், வல்லவர் 'எனக்கு'ச் செய்தார்.

உடனே பழைய ஏற்பாட்டிலிருந்து இணைச்சட்டம் 26ஐத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். காணிக்கை கொண்டுவருகிறவனே 'கொடுத்தேன்' என்கிறானே என்பாய். சொல்கிறான்தான். மூன்றாம் ஆண்டின் பத்தில் ஒரு பங்கை கோவில் ஊழியரான லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் கொடுத்து முடித்தபின் சொல்கிறான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் படி. முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவந்து நிற்பவன், தன் மூதாதை அலைந்து திரிந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கூடை நிறைந்திருக்கிற நேரம் பார்த்து வெறுங்கையை நினைக்கவைக்கிற சட்டம் அது.

சரி, திருத்தம். 'ஏன்' ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, அந்த வாக்கியத்தை 'எனக்கு' என்று தொடங்கி எழுதிப் பார். "ஆத்தங்குடிக் கல் பதித்தேன்" என்கிறாய். பதித்தது யார்? அதை ஊற்றுவதைத்தான் நீயே பார்த்திருக்கிறாயே. கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் அச்சு, அச்சுக்குள் வண்ணக் கலவை. அச்சைத் தூக்கிவிட்டுக் காய்ந்த மணல் சிமெண்டு, அதற்கும் மேலே ஈரக் கலவை, பிறகு தண்ணீரில் ஊறல். கண்ணாடியிலிருந்து பிரியும்போதுதான் கல்லின் முகமே தெரியும். சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு மொத்தமும் கண்ணாடி கொடுத்தது. "பெற்றுக்கொண்டதுதானே உன்னிடம் இருப்பதெல்லாம்?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதை வீடு முழுக்க விரித்துவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டு 'கட்டினேன்' என்கிறாயே, படவா!

அதற்காக மறுபக்கம் சாய்ந்துவிடாதே. "நான் தூசி, நான் புழு" என்று எழுதினால் அதுவும் உன்னைப் பற்றிய பேச்சுதான். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பதும் உதவாது, அதில் யார் முகமும் இல்லை. மணல் வந்த நாள், கூரை ஒழுகியபோது ஏணியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று பேர் சொல்லி எழுது. "வாடகை வீட்டு அலைச்சல் இல்லாமல் காத்தீரே" என்ற வரியை அடித்துவிடு. வந்திருப்பவர்களில் பாதிப்பேர் வாடகை வீட்டிலிருந்துதான் வருவார்கள்.

ஓரியூர் அருளானந்தர் இருந்த சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிற இரவு ஆன்ம சோதனைக்கு ஐந்து படி வைத்தார். முதல் படி நன்றி, மூன்றாவதில்தான் மணிக்கு மணி கணக்குப் பார்ப்பது. வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? நாள் நன்றாகப் போயிருந்தால் தன்னை மெச்சிக்கொள்வோம், கெட்டுப்போயிருந்தால் புலம்புவோம். எப்படியும் நன்றிக்கு முறை வராமலே தூக்கம் வந்துவிடும்.

இனிமேல் சொல்வது விளையாட்டில்லை. கொத்தனார் பாக்கி நிற்பதாகப் போன கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். மந்திரிப்புக்கு முதல் நாளே தீர்த்துவிடு. கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது இணைச்சட்டம் 24:15. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்கும்போது அந்தச் சத்தம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. முதல் பந்தியில் கொத்தனார், சித்தாள், ஆசாரி. நம் சொந்தபந்தமெல்லாம் இரண்டாம் பந்தியில் உட்காரட்டும், உன் பெரியப்பா உட்பட. கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன், ஆலமரத்தடிக் கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.

செபத்தைத் திருத்தி புதன்கிழமைக்குள் அனுப்பு. சனிக்கிழமை இரவே காரைக்குடி வந்துவிடுகிறேன். கவுனி அரிசியை முந்தின நாளே ஊறப்போடச் சொல், போன தடவை மாதிரி கடித்துப் பல் வலிக்க வேண்டாம்.

உன்,
ஒல்லி