காளானும் சுபாவமும்

அன்புள்ள சீனு,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதே பெரும்பாடு.

உன் மகன் கதிர் கொடைக்கானலில் கிடைக்கும் போதைக் காளானைப் பற்றி வீட்டிலேயே துணிந்து பேசுகிறான், "ஆராய்ச்சியிலேயே நல்லதுன்னு சொல்லிட்டாங்க" என்கிறான் என்று எழுதியிருந்தாய். பாதி உண்மைதான். அந்தக் காளானில் போதை தரும் பொருளான சைலோசைபினை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆழ்ந்த பரவசம் கிட்டியவர்களுக்குப் புதியவற்றை ஏற்கும் மனம் கூடி, ஓராண்டு கழித்தும் குறையவில்லை என்று 2011-இல் எழுதினார்கள். முப்பதைத் தாண்டியவர்களின் சுபாவம் லேசில் மாறாது என்று படித்த எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஆனால் அந்தப் பரவசம் யாருக்குக் கிட்டுகிறது? சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் அதே பொருளைக் கொடுத்து நடத்திய 23 ஆய்வுகளில் பங்கேற்ற 261 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2012-இல் வெளியிட்டார்கள். மருந்தின் அளவுதான் முதல் காரணம். அதற்குப் பிறகு லயித்துப்போகும் குணம். நாயனம் கேட்டால் ஏற வேண்டிய பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நிற்பாயே, அதுதான். கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று தரம் எழுந்து பார்க்கிற என்னைப் போன்றவர்கள் பயந்து நடுங்கவே வாய்ப்பு அதிகம். சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவர்களும் வயதில் இளையவர்களும்தான் கூடுதலாகக் கலங்கினார்கள். ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தவர்களும்தான் (அதில் யார் நிம்மதியாகப் படுப்பார்கள்?).

கதிர் சொல்லாமல் விட்ட பாதி இது: ஹாப்கின்ஸில் வந்தவர்களையெல்லாம் சேர்க்கவில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு (இல்லாத குரலெல்லாம் கேட்கும் மனநோய்) இருந்தால் வாசலோடு சரி. அளந்து கொடுத்த மருந்து, பல மணி நேரம் பக்கத்திலேயே பழக்கப்பட்ட ஆள். அப்படிச் சலித்தெடுத்த 36 பேரில் 11 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையாகப் பயந்திருக்கிறார்கள். அவர்களுடைய முந்தைய 2006 ஆய்விலேயே இது இருக்கிறது. லாட்ஜ் அறையில், யாரோ பொட்டலத்தில் கொடுத்ததைத் தின்பவனுக்கு இதில் எது இருக்கிறது? போலீஸ், கேஸ் என்பது தனிக்கதை.

அவனைத் திட்டாதே, திட்டினால் மறைத்துச் செய்வான். ஒன்று கேட்கிறேன். உன் தம்பி கல்லூரி நாட்களில் காதில் குரல் கேட்கிறது என்று சொல்லி, கீழ்ப்பாக்கத்தில் சேர்த்து வைத்திருந்தோமே, அது கதிருக்குத் தெரியுமா? சித்தப்பாவுக்கு அப்போது டைஃபாய்டு என்றுதான் உங்கள் வீட்டில் சொல்லிவருகிறீர்கள். இந்த வாரமே உள்ளதைச் சொல்லிவிடு. உனக்குச் சங்கடமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவனை என்னிடம் அனுப்பு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
வேலு