வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாயா?

அன்புள்ள மகளுக்கு,

வாடகைக்குப் பார்த்து நீ அனுப்பிய இரண்டு வீட்டுப் படங்களையும் பார்த்தோம். மூலை வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கும் என்கிறாள் அம்மா. என் ஓட்டு முட்டுச்சந்து வீட்டுக்கு. திருட்டுப் பயம்தான் காரணம்; விவரமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

இரண்டுக்கும் வாசலை மட்டும்தான் படம் எடுத்திருக்கிறாய். திருட வருகிறவன் கொல்லைப்புறத்தையும் நோட்டம் விடுவான். மூலை வீட்டுக்கு இரண்டு பக்கம் தெரு, பின்னால் ஒரு சந்து வேறு. அந்தச் சந்தில் எவன் நின்றாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இப்படித்தான் சந்துகள் ஓடின. அவற்றுக்குக் கதவு போட்டு, சாவியைக் குடியிருப்பவர்களிடம் கொடுத்த பிறகு திருட்டு நன்றாகவே குறைந்தது.

முட்டுச்சந்தில் அசலூர்க்காரன் நுழைந்தால் உடனே கண்ணில் படுவான்; தப்பி ஓடவும் வந்த வழிதான். ஆனால் அதன் கோடியில் அடுத்த தெருவுக்கு நடைபாதை ஏதும் போகிறதா என்று பார். போனால் இந்த லாபம் எல்லாம் போச்சு.

ஆளுயர மதில் இருக்கிறது, பயமில்லை என்று தரகர் சொன்னாராமே! ஏறிக் குதிக்கும்வரைதான் அது நமக்குக் காவல். குதித்துவிட்டால் அவனுக்கு மறைப்பு. வசதியானவர்கள் இருக்கும் பகுதி என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது. ஜன்னலைத் திறந்தால் தெரு தெரிகிற வீடுகள், வாசலில் நாலு பேர் நின்று பேசுகிற தெரு, இதைத்தான் நான் தேடுவேன். தெருவைப் பார்க்கும் கண்கள்தான் காவல் என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸ் என்ற அம்மையார் 1961-லேயே எழுதிவிட்டார்.

கதவு விஷயம். பூட்டு எவ்வளவு விலை என்று பார்க்காதே; தாழ்ப்பாள் போய் உட்காரும் தகட்டைப் பார். பல வீடுகளில் அது அரை அங்குலத் திருகாணி இரண்டில் நிலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓங்கி ஓர் உதை விட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு திறந்துகொள்ளும். மூன்று அங்குலத் திருகாணி போடச் சொல். அதற்கு வீட்டுக்காரர் மறுக்கமாட்டார்.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் திருட்டுப் போனால், நல்லவேளை நம் வீடு தப்பித்தது என்று இருந்துவிடாதே. அடுத்த சில வாரங்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வழியும் நேரமும் அவனுக்குப் பழகிவிட்டதல்லவா? திருட்டுப் போன வீட்டுக்கே திரும்ப வருவதும் உண்டு.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவையும் இருட்டிய பிறகு ஒரு தடவையும் இரண்டு தெருவிலும் நடந்து பார். கொல்லைப்புறத்தைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கும் காட்ட வேண்டும், மூலை வீட்டை அவள் இன்னும் விடவில்லை.

அன்புடன்,
அப்பா