மாவு புளிச்சத ஏன் யாருமே உன்கிட்ட சொல்லல

பாப்பா,

ஞாயித்துக்கிழமை நீ பேசினப்பவே சொல்லியிருப்பேன், ஆனா நீ இருந்த கோவத்துக்கு பாதியிலயே "சரிப்பா சரிப்பா"ன்னு கட் பண்ணிடுவ, அதான் ஷாப்ல எல்லாரும் சாப்பிட போன நேரத்துல உக்காந்து டைப் பண்றேன். தப்பு தப்பா இருந்தா கண்டுக்காத.

உன் மாவு யூனிட்டுக்கு 140 பாக்கெட் புளிச்சுப்போய் ரிட்டர்ன் வந்துச்சு, பதினோரு பேரையும் நிக்க வெச்சு கத்தின, அந்த லோடிங் பையன் சம்பளத்துல 1,500 பிடிச்சிட்ட. எனக்கு உறுத்துறது வேற. நைட்டு மாவ குளிர வெக்குற சில்லர் ட்ரிப் ஆகி நின்னுபோனது ரெண்டு பேருக்கு தெரிஞ்சிருக்கு, நீ காலையில வந்து ஆர்டர் ஷீட் பாத்து டீ குடிச்சு வண்டி கெளம்புற வரைக்கும் மூணு மணி நேரம் அவங்க உன் கண்ணு முன்னாடிதான் நின்னுட்டு இருந்திருக்காங்க, ஒருத்தர் கூட வாய தொறக்கல. சில்லர மெக்கானிக் வந்து சரி பண்ணிடுவான். இத யார் வந்து சரி பண்ணுவா?

ஏதோ லீடர்ஷிப் கோர்ஸ்ல சேரப்போறதா சொன்னியே, சேரு, வேணாம்னு சொல்லல. விஷன், டெலிகேஷன் எல்லாம் நல்லாவே சொல்லித் தருவாங்க. ஆனா பத்து பதினஞ்சு பேர் வேல பாக்குற எடத்துல ஓனருக்கு மொதல்ல கெட்ட சேதி வந்து சேரணும், அதுவும் சீக்கிரமா சேரணும், நல்ல சேதிய சொல்ல ஆளுங்க போட்டி போட்டுட்டு வருவாங்க அதுக்கு நீ ஒண்ணும் பண்ண வேணாம்.

அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனிக்கு பார்ட்ஸ் போடுற எங்கள மாதிரி சின்ன ஷாப்புக்கு ஆடிட் வருவாங்க தெரியுமில்ல, அதுல பழைய ஆளுங்க மெஷின் பக்கமே மொதல்ல போக மாட்டாங்க, நேரா ரிஜெக்ஷன் ஆன பீஸ போடுற சிவப்பு தொட்டிய எட்டிப் பாப்பாங்க. அது காலியா இருந்தா நம்மாளுங்க பெருமையா நிப்பாங்க, வந்தவர் முகம் மாறிடும். ரிஜெக்ஷனே வராத ஷாப்னு ஒண்ணு கெடையாது, காலியா இருந்தா பீஸ் எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம், இரும்பு சீவல் கொட்டுற டிரம்முக்கு அடியிலயோ இல்ல நல்ல பீஸோட கலந்து கஸ்டமர் வீட்டுக்கோ போயிருக்கும். பக்கத்துல பாடியில சுந்தரம் கிளேட்டன் பிரேக் டிவிஷனுக்கு 1998ல டெமிங் பரிசு, தரத்துக்கு ஜப்பான்ல குடுக்குறது, கெடச்சப்ப இந்த பக்கம் அதே பேச்சுதான், இந்தியாவுலயே மொதல் கம்பெனி அவங்கதான். அதுக்கப்புறம் எஸ்டேட் பூரா ஜப்பான் கதைதான். டொயோட்டால லைன்ல நிக்கிற எந்த ஆளுக்கும் ஏதாவது தப்பா பட்டா மேல தொங்குற கயித்த இழுப்பான், லீடர் ஓடி வந்து என்னன்னு பாப்பாரு, சரி ஆகலன்னா லைனே நிக்கும். நிறைய பேர் இங்க கயித்த மட்டும் வாங்கி மாட்டினாங்க. இழுத்தவன திட்டினா அப்புறம் அது துணி காயப்போடத்தான் ஆகும்.

இப்போ அந்த 1,500 விஷயம். சட்டத்துலயே இதுக்கு எடமில்ல மா. 1936 சம்பளச் சட்டத்துல இருந்து இருக்குறதுதான், அபராதம்னு பிடிச்சா அந்த மாச சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக் கூடாது, நஷ்டத்துக்குன்னு பிடிக்கணும்னா அவன் பக்கம் என்னன்னு கேக்காம பிடிக்கக் கூடாது. சட்டத்த விடு, கணக்கா பாரு. உனக்கு 1,500 வந்துச்சு, மிச்சம் பத்து பேரும் அடுத்த தடவ கம்முனு இருக்கணும்னு கத்துக்கிட்டாங்க. இந்த வியாபாரம் கட்டுபடியாகுமா?

மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா, 2023 டிசம்பர் 3, 4. ஞாயித்துக்கிழமை நைட்டு, ஷாப்ல வாட்ச்மேன் தாத்தா மட்டும்தான். ரெண்டு மணிக்கு போன் அடிச்சு எழுப்பினாரு, "மொதலாளி, கேட்டாண்ட தண்ணி நிக்குது, உள்ள இன்னும் வரல, இப்பவே சொல்லிடுறேன்"னு. அப்ப அது பெரிய விஷயமாவே தெரியல, ஆனா மெயின ஆஃப் பண்ணிட்டு மோட்டார் ரெண்டு, கேஜ் பெட்டி, ட்ராயிங் ஃபைல் எல்லாத்தையும் மேல ஏத்த சொன்னேன், பக்கத்து ரூம்ல தங்கியிருந்த பசங்கள வெச்சு ஏத்திட்டாரு. ரெண்டு ஷாப் தள்ளி ஒருத்தருக்கு காலையில தான் தெரியும், அங்க வாட்ச்மேன் ஒருவாட்டி நைட்ல போன் பண்ணி "இதுக்கெல்லாமா எழுப்புவ"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டவரு. எங்க தாத்தா அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவ எலி சத்தத்துக்கெல்லாம் எழுப்பியிருக்காரு, உங்கம்மா கூட முனகுவா. எலிக்கு திட்டியிருந்தா வெள்ளத்துக்கு எழுப்பியிருக்க மாட்டாரு.

உனக்கு இத விட பயப்பட வேண்டியது ஒண்ணு இருக்கு, நான் இரும்பு வெட்டுறேன், நீ சாப்பாடு செய்யுற. வயித்தால போறவன் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சேன்னு, யார்கிட்டயும் சொல்லாம வந்து உளுந்துல கைய வெப்பான். வருஷத்துக்கு ஒருவாட்டி மெடிக்கல் செக்கப் பண்ணி சர்டிஃபிகேட் ஃபைல்ல வெச்சா மட்டும் இது அடங்காது. பத்து பேர் ஆனாலே இஎஸ்ஐ, தொழிலாளிங்களுக்கான கவர்மெண்ட் காப்பீடு, கட்டாயம், நீ அத தாண்டிட்ட, ஆடிட்டர் சொல்லலையா? 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு உன் பங்கு 3.25, அவங்க பங்கு 0.75 சதவீதம். உங்க கோயம்புத்தூர்லயே சிங்காநல்லூர்ல இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா உடம்பு முடியாத நாளுக்கு 70 சதவீத கூலி அவங்களே தருவாங்க, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். மொத ரெண்டு நாளுக்கு மட்டும் வராது, அத நீ குடு. "காய்ச்சல்னு சொன்னா மேடம் காசோட அனுப்புவாங்க"ன்னு ஒருத்தன் மத்தவன்கிட்ட சொல்லணும், போர்டு எழுதி மாட்டுறதெல்லாம் அப்புறம்.

அப்புறம் உன் சீனியர் அக்கா. நல்லவங்க, நம்பிக்கையானவங்க, எனக்கு தெரியும். ஆனா "மேடத்துக்கு டென்ஷன் குடுக்காதீங்க, நான் பாத்துக்குறேன்"னு அவங்க சொல்றத நானே அங்க வந்தப்ப காதால கேட்டேன். பாசத்துல சொல்றாங்க, அதனால உனக்கு வர வேண்டியது பாதி அவங்ககிட்டயே நின்னுடுது. அவங்கள ஒதுக்காத, மனசு நொந்துடுவாங்க, நீயே தெனம் பேக்கிங் பக்கம் அர மணி நேரம் நின்னு சீல் போடு, வேல செஞ்சிட்டே இருக்கும்போது தான் ஜனங்க பேசும். பேக்கிங் பொண்ணுங்களுக்கு ஸ்டூல் வாங்கிப் போடுன்னு போன தடவையே சொன்னேன், கடைகள்ல உக்கார எடம் குடுக்கணும்னு 2021லயே நம்ம கவர்மெண்ட் சட்டம் திருத்தினாங்க, உனக்கு இன்னும் மனசு வரல.

ஒடிசா பசங்க ரெண்டு பேர் இருக்காங்களே, நீ தமிழ்ல கேட்டா "ஓகே மேடம்"னு தலைய ஆட்டுவாங்க, அது ஓகே இல்ல, புரியலன்னு அர்த்தம். நைட் ஷிப்ட்ல இருந்ததும் அவங்கதானே? சில்லர் டோர்ல ஒரு நோட்டு கட்டி தொங்க விடு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி டெம்பரேச்சர் நம்பர் மட்டும் எழுதட்டும், 5 டிகிரிக்கு மேல போனா உனக்கு போட்டோ எடுத்து அனுப்பட்டும், நம்பருக்கு பாஷ வேணாம். நடுராத்திரி போட்டோ வந்தா தூக்கக் கலக்கத்துல "ஏன்டா"ன்னு கேட்டுடாத.

காலையில "எல்லாம் ஓகேவா"ன்னு கேக்குறத விட்டுடு. "நேத்து எது சொதப்புச்சு"ன்னு கேளு. மொத வாரம் யாரும் சொல்ல மாட்டாங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாப்பாங்க. யாராவது சின்னதா ஒண்ணு சொன்னதும், பாக்கெட் ஓட்ட, வெயிட் கம்மி, ஏதோ ஒண்ணு, அன்னிக்கே அத சரி பண்ணிடு, மத்த வேல கெடந்தா கெடக்கட்டும்.

பிடிச்ச 1,500ஐ இந்த வாரமே அந்த பையனுக்கு திருப்பிக் குடு. சம்பளத்தோட சேத்து ஜிபேல போடாத. எல்லாரும் இருக்கும்போது கையில குடு, எதுக்குன்னும் சொல்லு.

அப்பா