செரிட்வென் அல்ல, கெரிட்வென்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேல்ஸ் பயணக் கட்டுரையில், ‘பழங்காலச் செல்டிக் மக்கள் வழிபட்ட ஞானத் தெய்வம் செரிட்வென்’ என்றொரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வேல்ஸ் மொழியில் ‘சி’ என்னும் எழுத்துக்குக் ககர ஒலி ஒன்றுதான் என்பது தாங்கள் அறியாததன்று. ‘கெல்டிக்’ என்பதைச் ‘செல்டிக்’ என்று எழுதாதீர்கள், கிளாஸ்கோவின் கால்பந்துக் கழகம் போன்ற விளையாட்டு அணிகளுக்குத்தான் அந்த உச்சரிப்பு பொருந்தும் என்று முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அப்போது அச்சேறியது ‘கட்டுரை அருமை’ என்ற என் முதல் வரி மட்டும். பெருந்தன்மைக்கு நன்றி.

உச்சரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம், ‘வழிபட்ட’ என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. எப்போனா என்னும் குதிரைத் தெய்வத்துக்குக் கல்வெட்டுகள் உண்டு. நோடென்ஸ் என்னும் தெய்வத்துக்கு இங்கிலாந்தின் லிட்னியில் கோயில் இருந்த தடயம் உண்டு. கோவென்டினா என்னும் தெய்வத்துக்கு ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலருகே பலிபீடங்கள் கிடைத்திருக்கின்றன. கெரிட்வெனுக்கு அப்படி ஒரு கல் கூட இல்லை. அவள் பெயர் நமக்குக் கிடைப்பதே 1250-ஐ ஒட்டி எழுதப்பட்ட கார்மார்த்தன் கருப்பு நூல் என்னும் வேல்ஸ் கவிதைச் சுவடியிலும், தலியேசின் என்னும் கவிஞன் பெயரிலான 14ஆம் நூற்றாண்டுச் சுவடியிலும், அரசவைக் கவிஞர்கள் சிலர் பாடிய வரிகளிலும்தான். பிறந்த மகன் அவலட்சணமாயிருக்கிறானே என்று வருந்திய தாய், அவனுக்கு அறிவையாவது தருவோமென்று ஓராண்டும் ஒரு நாளும் கொப்பரையில் மூலிகை காய்ச்சியதும், காவலிருந்த சிறுவன் க்வியோன் மூன்று துளியைச் சுவைத்துவிட்டு முயலாகவும் மீனாகவும் பறவையாகவும் கடைசியில் தானியமணியாகவும் மாறி ஓட, அவள் கோழியாகி அவனை விழுங்கித் தலியேசினாகப் பெற்றெடுத்ததும், முழுக்கதையாக நமக்கு முதலில் கிடைப்பது 16ஆம் நூற்றாண்டில் எலிஸ் க்ரிஃபித் எழுதிய வரலாற்று ஏட்டில்தான். அதில் அவள் மந்திரக் கலை கற்ற பெண். யாரும் அவளுக்குப் படையல் வைக்கவில்லை.

பெயரின் பொருளே தீர்ந்தபாடில்லை. கடைசி அசையை ‘க்வென்’ என்று கொண்டால் வெண்மையானவள், புனிதமானவள். தெய்வத்துக்கு ஏற்ற பெயர். பழைய ஏடுகளின் எழுத்தை வைத்து அதை ‘பென்’, அதாவது பெண் என்று கொண்ட அறிஞர் இஃபோர் வில்லியம்ஸ், ‘வளைந்த பெண்’ என்று பொருள் சொன்னார். அது சூனியக்காரிக்கு ஏற்றது. ஓர் அசையில் தெய்வமும் சூனியக்காரியும் தொங்கிக்கொண்டிருக்க, தங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். தெய்வம் அல்லவே அல்லள் என்று நானும் சாதிக்கவில்லை. ஆனால் அவளைப் பழங்குடித் தெய்வமாக முடிசூட்டிப் பரப்பியவர்கள் 1809-இல் ட்ரூயிட்கள் என்னும் பழங்காலக் கெல்டிக் பூசாரிகளின் சமயத்தைப் பற்றி நூல் எழுதிய எட்வர்ட் டேவிஸ் என்ற பாதிரியாரும், 1948-இல் ‘வெள்ளைத் தேவி’ என்ற தம் நூலில் அவளை அத்தேவியின் வடிவமாக்கிய கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸும்தான். ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்கள் ட்ரூயிட்கள் என்று, அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுக்கு ஈராயிரம் ஆண்டு மூத்த கற்களைக் குறித்து, இரண்டாண்டுக்கு முன் இதே இதழ் எழுதியதும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான்.

இதைப் புத்தகப் புழுவின் பிடிவாதம் என்று தாங்கள் எண்ணலாம். மகள் வேலை பார்க்கும் வட வேல்ஸ் நகரமான ரெக்ஸமில் ஐந்து மாதம் தங்கியிருந்தவன் நான். கெரிட்வெனின் கணவன் தேகிட்டின் பெயரால் வேல்ஸ் மொழியில் அழைக்கப்படும் பாலா ஏரிக்கரையிலும் நின்றிருக்கிறேன். ஒரு கடையில் ‘ஆதித் தாய்த்தெய்வம்’ என்று அச்சிட்ட சிறு நூலை எடுத்துப் பார்த்தபோது, கடைக்கார அம்மையார் சிரித்தார். பள்ளியில் தமக்குச் சொல்லித்தந்தது சூனியக்காரிக் கதை என்றும், தெய்வத்தைக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள் என்றும் சொன்னார். வேல்ஸ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், என் வாயிலிருந்து அந்தப் பெயர் சரியாக வரும்வரை நான்கு முறை திருத்தினார்.

எனவே, அடுத்த இதழில் ஓர் ஓரத்தில், ‘செ’ என்பதைக் ‘கெ’ என்று மாற்றி, ‘வழிபட்ட’ என்ற இடத்தில் ‘வழிபட்டதாகப் பிற்காலத்தார் சிலர் கருதும்’ என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடப் பற்றாக்குறை இருந்தால் முதல் திருத்தம் மட்டும் போதும்.

தங்கள் இருபத்தாறு ஆண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்