பாயசத்துத் திராட்சை

ஆசிரியருக்கு,

பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான், போன ஆடி வெள்ளி வரை. பாயசச் சட்டியை வழித்து நக்கிய எங்கள் மணி அன்றிரவே வாந்தி எடுத்தான். மறுநாள் சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோனது. ஒரு வாரம் டிரிப்ஸ் ஏற்றித்தான் பிழைத்தான். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை நிறுத்தியிருக்கும் என்றார் மருத்துவர்.

திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அது நம் புளியில் இன்னும் அதிகம்! நாமோ மிஞ்சிய புளியோதரையைப் பாசமாக வைக்கிறோம். வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களில் இதைச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால் என்ன?

- ஒரு வாசகி, மதுரை