அப்பாவின் ஈரல் கட்டிக்குக் காரணம் தேடிய எல்லோருக்கும் நன்றி

நீடாமங்கலம் பக்கத்து எங்கள் தெருக்காரர்கள், சொந்தங்கள், தஞ்சாவூரில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், நர்ஸ் அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொருவருக்காய்ப் போன் போட்டால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். தையல் ஆறிவிட்டது, காலையில் வாய்க்கால் கரை வரை நடக்கிறார், வயலில் இறங்கிவிடாமல் அம்மா காவல்.

என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. குளிர் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. விட்டுவிட்டு நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே வலி, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் என்று எதிலும் பிடிபடாமல் கடைசியில் ஸ்கேனில் ஈரலில் சீழ்க்கட்டி தெரிந்தது. உடனே எல்லோரும் கேட்டது, "குடிப்பாரா?" நம் பக்கம் ஈரலில் சீழ் என்றாலே அமீபாதான் முதலில் ஞாபகம் வரும், அதுவும் குடிக்கிற ஆண்களிடம் அதிகம் பார்ப்பதால் டாக்டர்கள் கேட்டதில் தப்பில்லை. பீடிகூடத் தொடாத மனுஷனைப் பார்க்க வந்துவிட்டு அதையே அம்மா காதில் கிசுகிசுத்த சொந்தங்களுக்கு இந்த மடலில் நன்றி கிடையாது.

விலா வழியாக மெல்லிய குழாய் செருகிச் சீழை வடித்தபோது, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்குக் கையோடு அனுப்பிய பயிற்சி டாக்டர் தங்கச்சிக்கு முதல் நன்றி. அதில் வந்தது கிளெப்சியெல்லா. சாதாரணமாக நம் குடலிலேயே குடியிருக்கிற பாக்டீரியா, சர்க்கரை நோயாளிகளுக்கு ஈரலில் கட்டி வைப்பதில் பேர்போனது. அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. சரி, காரணம் கிடைத்துவிட்டது, ஊசி போட்டுக் காய்ச்சலும் நின்றது, வீட்டுக்குப் போகலாம் என்று பையைக் கட்டிவிட்டோம்.

அப்போதுதான் குடல் டாக்டர் வந்தார். "காய்ச்சல் போயிடுச்சும்மா, ஆனா அந்தக் கிருமி ஈரலுக்கு எந்த வழியாப் போச்சுன்னு எனக்கு இன்னும் பதில் வரலை" என்றார். பித்தப்பையில் கல் இல்லை, பித்தக் குழாயில் அடைப்பு இல்லை, குடல்வாலும் சுத்தம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே காட்டினார்: குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் போர்ட்டல் சிரை என்கிற ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகும், பெருங்குடல் சுவரில் புண்ணோ கட்டியோ இருந்தால் அந்த இடத்தில் கிருமி ரத்தத்துக்குள் நுழைந்து ஈரலில் போய்த் தங்கலாம். தைவானில் இப்படிச் சீழ்க்கட்டி வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், மற்றவர்களைவிட அவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் தெரிந்ததாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது, சர்க்கரை மட்டுமே காரணமாகவும் இருக்கலாம், ஆனால் 57 வயதில் ஒரு தடவைகூடக் கொலோனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கிற சோதனை) பார்க்காதவரைப் பார்க்காமல் விட எனக்கு மனசில்லை என்றார். சிடி ஸ்கேனில் தெரியலையே என்று அண்ணன் கேட்டதற்கு, குடலுக்குள் இருக்கிற சின்னக் கட்டி அதில் தப்பிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். இத்தனைக்கும் அப்பாவுக்கு மலத்தில் ரத்தமில்லை, எடை குறையவில்லை, மலச்சிக்கல்கூட இல்லை. சார், அன்றைக்கு நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் நாங்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்போம்.

மருந்தெல்லாம் முடிந்த பிறகு கொலோனோஸ்கோபிக்குத் தேதி கொடுத்தார்கள். முந்தின நாள் கீரை, விதையுள்ள காய், பழம் கூடாது, தெளிந்த ரசமும் இளநீரும்தான். அப்புறம் அந்தப் பேதி மருந்து, லிட்டர் கணக்கில். இரண்டாவது டம்ளரிலேயே "எனக்கு வேண்டாம்டா" என்று அப்பா சொம்பைத் தள்ளிவிட்டார். எதிர்வீட்டு மாமாதான் திண்ணையில் கூடவே உட்கார்ந்து, அவர் ஒரு டம்ளர் மோர், அப்பா ஒரு டம்ளர் மருந்து என்று போட்டி வைத்து முழுசையும் குடிக்க வைத்தார். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது, இன்னொரு நாள் முதலிலிருந்து குடிக்க வேண்டியதுதான். மாமா, அந்த மோருக்கு எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது.

இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தது. பயாப்சியில் கேன்சர். அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஆபரேஷனில் அந்தத் துண்டை எடுத்துத் தைத்தார்கள், கூட எடுத்த நிணநீர்க் கணு எதிலும் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது, கீமோ தேவையில்லை என்றார்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குறுவை அறுவடைக்கு நின்றது. வண்டி பேசி அறுத்து, கொள்முதல் நிலையத்தில் குவித்து, மழை வரும்போதெல்லாம் தார்ப்பாய் போட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குகிறவரை கிளறிக் காயவைத்து, மூட்டை போட்டு, சிட்டையைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்த வடக்குத் தெருப் பசங்களுக்கு என்ன சொல்ல! காப்பீட்டு அட்டைக்காக வரிசையில் நின்ற சித்திக்கும் நன்றி.

சித்தப்பா, அத்தை, உங்களுக்கு ஒரு வார்த்தை. கூடப் பிறந்தவருக்கு வந்திருப்பதால் நீங்கள் இரண்டு பேரும் இப்போதே கொலோனோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணனும் நானும் 40 வயதில் ஆரம்பிக்க வேண்டுமாம். மோர் மாமா தயாராகத்தான் இருக்கிறார்.

ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுக்க வந்த மன்னார்குடி காலேஜ் தம்பிகள் இரண்டு பேரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்பா நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்.