படத்தை விடு, பாதத்தைப் பார்

மதுரை
தை 3

அன்புள்ள மாப்ளைக்கு,

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்குப் பொங்கல் லீவு. பேரன் ஒவ்வொரு காளைக்கும் எழுந்து நின்று கத்துகிறான். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் அவனைத் திட்டு. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தேன். எல்4-எல்5இல், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வருவது), அதற்கு மேலும் கீழும் பிதுக்கம், தேய்மானம், இன்னும் என்னென்னவோ. இடிக்கப்போகிற வீட்டுக்கு எழுதின மதிப்பீடு மாதிரி இருந்தது. ‘ஜவ்வு கிழிந்து வெளியே வந்துவிட்டது, இந்த வாரமே ஆபரேஷன் பண்ணாவிட்டால் கால் போய்விடும், அட்வான்ஸ் கட்டுங்கள்’ என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தங்கச்சி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

உனக்கென்னடா தெரியும் இதில் என்று கேட்பாய். கல்யாணப் பத்திரிகை வேலை குறைந்துபோய், இப்போது கடை ஓடுவதே தீசிஸ் பைண்டிங்கில்தான். பிசியோதெரபி, ஆர்த்தோ படிக்கிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஒரு பிள்ளை கொண்டுவந்த தீசிஸின் அட்டையில், இடுப்பு என்று வரவேண்டிய இங்கிலீஷ் வார்த்தையில் ஒரே ஒரு எழுத்து மாறி, மரக்கட்டை என்று ஆகிவிட்டது. ஐந்து காப்பியிலும் தங்க எழுத்தில்! பணம் என் கையைவிட்டுப் போனது. அன்றிலிருந்து அட்டை மட்டுமல்ல, உள்பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுத்தான் தைக்கக் கொடுக்கிறேன். முதுகுத்தண்டு பற்றி நான் படித்ததெல்லாம் அப்படிப் படித்ததுதான். புரியாததை அந்தப் பிள்ளைகளிடமே டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். டாக்டர் சொல்வதற்கு மேலே என் பேச்சை வைக்காதே. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை என்னிடம் கேள்.

முதலில் அந்தப் படம். இடுப்பு வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 3,110 பேர். நம்மை மாதிரி 60 வயதுக்காரர்களில், வலி இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர்களிலேயே, 100க்கு 88 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 69 பேருக்குப் பிதுக்கம் இருந்தது. 20 வயதுப் பயல்களிலேயே 37 பேருக்குத் தேய்மானம். உன் ரிப்போர்ட்டில் இருக்கிற பாதி வரிகள் நரைமுடி மாதிரிதான். தலை நரைத்திருக்கிறது என்று யாராவது கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் கொடுத்தால் நீ பயப்படுவாயா?

ஆனால் அந்த எக்ஸ்ட்ரூஷன் நரைமுடி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். உன் வலது கால்வலிக்கு அதுதான் காரணமாக இருக்கும். அதில்தான் எனக்கு ஆச்சரியமான விஷயம் இருக்கிறது. டிஸ்க்கின் உள்ளே இருக்கிற கூழ் வெளியே வந்துவிட்டால் போனது போனதுதான் என்றுதானே நினைக்கிறோம்? அது தானாகவே கரைகிறது. எவ்வளவு பேருக்குக் கரைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் பிதுக்கம் 13 சதவீதம் பேருக்குத்தான் சுருங்கியிருக்கிறது. உன்னைப் போல் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது 70 சதவீதம் பேருக்கு. துண்டாகவே அறுந்து விழுந்தது 96 சதவீதம் பேருக்கு! படத்தில் பார்க்கக் கோரமாக இருப்பதுதான் சீக்கிரம் மறைகிறது. அந்தக் கூழுக்குப் பிறந்ததிலிருந்தே ரத்த ஓட்டம் கிடையாது, உடம்பின் காவல்காரர்கள் அதைப் பார்த்ததே இல்லை. வேலி தாண்டி வெளியே வந்ததும் ‘யார்டா இவன் வெளியூர்க்காரன்’ என்று வெள்ளையணுக்கள் சூழ்ந்து தின்கின்றன. வேலிக்குள்ளேயே பிதுங்கி நிற்பது அவற்றின் கண்ணில் படுவதில்லை.

கிழிவதைப் பற்றி இன்னொன்று. இது உன் பக்கத்து ஊர் சமாச்சாரம். டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துவதால்தான் இந்தக் கால்வலி என்று 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகு பல காலமாக, டிஸ்க்கைச் சுற்றியுள்ள நார் வளையம் நடுவில் கிழிந்து கூழ் வருகிறது என்றுதான் பாடம். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஸ்கேனிலும் ஆபரேஷனிலும் பார்த்து, 2013இல் வேறு மாதிரி சொன்னார்கள். 65 சதவீதம் பேருக்கு வளையம் கிழியவில்லை, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கிற இடம்தான் பெயர்ந்திருந்தது. உலக அளவில் பரிசு வாங்கின வேலை அது. இதைப் படித்ததும் என் கை தானாகவே பக்கத்திலிருந்த பழைய டெலிபோன் டைரக்டரியை எடுத்தது. நாற்பது வருஷமாகப் பைண்டிங் பண்ணுகிறவனுக்குத் தெரியாதா? புத்தகம் தாளின் நடுவில் கிழிந்து நான் பார்த்ததில்லை. முதுகில் பசை போட்ட இடம்தான் விட்டுப்போகும். விரித்து மடக்கி, விரித்து மடக்கி. நீ முப்பது வருஷம் கட்டிங் டேபிளில் குனிந்து குனிந்து நிமிர்ந்தாயே, அதேதான்.

சரி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா? நெதர்லாந்தில் உன்னை மாதிரியே 6 முதல் 12 வாரம் கடும் கால்வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மாத்திரை, பிசியோ, பொறுமை. தாங்க முடியாவிட்டால் அவர்களும் பண்ணிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு, 39 சதவீதம் பேர் அப்படிப் பண்ணிக்கொண்டார்கள். ஆபரேஷன் பக்கத்தில் பாதிப் பேர் 4 வாரத்திலேயே தேறிவிட்டார்கள். பொறுத்திருந்த பக்கத்தில் அதற்கு 12 வாரம் ஆனது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். 2007இல் வந்தது இது. அதாவது கத்தி உனக்கு வாங்கித் தருவது சில வாரங்களை. அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு நரம்பு சுண்டி இழுக்கும்போது அந்தச் சில வாரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

2017இல் நான் பேப்பர்க் கட்டைத் தூக்கிப் படுத்துக்கொண்டது நினைவிருக்கும். என்னிடமும் ‘இந்த வாரமே’ என்றுதான் ஒரு இடத்தில் சொன்னார்கள். நான் பொறுத்திருந்து ஜெயித்தேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைத் தொட மனசு வரவில்லை, அவ்வளவுதான். நாலாவது மாதம் வலி தானாக இறங்கியது. அது என் அதிர்ஷ்டம்.

ஏனென்றால் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. 4 மாதத்துக்கு மேல், ஒரு வருஷம் வரை வலியோடு இழுத்துக்கொண்டிருந்த 128 பேரைக் கனடாவில் இதேபோல் பிரித்துப் பார்த்தார்கள், 2020இல். ஆறு மாதம் கழித்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால், ஆபரேஷன் பண்ணியவர்கள் 2.8 என்றார்கள், மற்றவர்கள் 5.2. ஆறு வாரத்தில் அவசரம் இல்லை என்கிற அதே படிப்புதான் ஆறு மாதத்தில் பிடிவாதம் வேண்டாம் என்கிறது.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வில் பாதம் செயலிழந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. என் கடையில் கட்டிங் மெஷின் ஓட்டினானே, மேலூர்ப் பையன், அவனுக்கும் இதே எல்4-எல்5தான். ஒரு நாள் சாயங்காலம் கீழமாசி வீதியில் என் முன்னால் நடந்து போகிறான், இடது கால் செருப்பு கழன்று நடுரோட்டில் கிடக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு போய்க்கொண்டே இருக்கிறான். பின்னால் வந்த பூக்காரம்மாதான் ‘தம்பி, செருப்பு’ என்று கூப்பிட்டது. முன்பாதம் தொங்கிவிட்டது. அதற்கு அப்புறமும் சுளுக்கு வழிக்கிறேன், வாய்வு எடுக்கிறேன் என்று ஏழு வாரம் அலைந்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனான். வலி மறுநாளே போய்விட்டது. பாதம் முழுசாகத் திரும்பவில்லை. இப்போதும் ஷூதான் போடுகிறான், செருப்பு நிற்காது.

அதனால் நீ பார்க்க வேண்டியது படத்தை இல்லை, பாதத்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்து அடி நட. அப்புறம் நுனிக்காலில் நட. கட்டைவிரலை மேலே தூக்கு, தங்கச்சியை விட்டுக் கீழே அழுத்தச் சொல். இடது கால் செய்கிறதை வலது கால் செய்யாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. ஒன்றுக்கு வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, விடியும்வரைகூடக் காத்திருக்காதே. அந்த நிலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்கிற எந்த ஆய்வும் கிடையாது.

கீ-ஹோல், அதாவது சின்னத் துளை வழி ஆபரேஷன், பற்றி ஏதோ கேட்டிருந்தாய். அதுவும் நெதர்லாந்தில் 613 பேரிடம் செய்த ஆய்வு, 2022இல் வந்தது. எண்டோஸ்கோப் என்கிற கேமரா வைத்த மெல்லிய குழாய் வழி பண்ணியது வழக்கமான ஆபரேஷனுக்குக் கால்வலியில் சளைக்கவில்லை. எது பண்ணினாலும் அதில் கை பழகின டாக்டரா என்று கேள், போதும். எலும்புகளைப் பிணைக்க ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்று மட்டும் யாராவது ஆரம்பித்தால், ‘எதற்கு?’ என்று கேட்காமல் தலையாட்டாதே. உன் ரிப்போர்ட்டில் எலும்பு நகர்ந்ததாக எழுதவே இல்லை. எலும்பு நகர்ந்து நரம்புப் பாதை சுருங்கியவர்களிலேயே, ஸ்வீடனிலும் (2016) நார்வேயிலும் (2021) பார்த்ததில், நரம்பை விடுவித்ததோடு நிறுத்தியவர்கள், ஸ்க்ரூவும் வைத்துக்கொண்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை.

படுத்தே கிடக்காதே. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995இலேயே பார்த்துவிட்டார்கள், திடீர் இடுப்பு வலிக்குப் படுத்துக் கிடந்தவர்களைவிட முடிந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். வலி விட்டபிறகு நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்தது 2024இல் வந்தது. இடுப்பு வலி வந்து தேறியவர்களில், பிசியோ சொல்லிக்கொடுத்தபடி படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். நானும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ரெண்டாவது சுற்றில் பருத்திப்பால் குடித்துவிடுகிறேன், அதை ஆஸ்திரேலியாக்காரன் கணக்கில் சேர்த்தானா தெரியவில்லை.

தைப்பூசத்துக்குத் தெப்பம். வர முடிந்தால் வா, ஆனால் ஒட்டன்சத்திரம் வழி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வராதே. முன்பக்கம் உட்கார், திண்டுக்கல்லில் இறங்கி நாலு எட்டு நட. ஆரப்பாளையத்துக்கு வண்டி கொண்டுவருகிறேன்.

வேறு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு அட்வான்ஸைப் பற்றி யோசி. அதற்கு முன்னால், நாளைக் காலையில் அந்தக் குதிகால் நடையை நடந்து பார்த்துவிட்டு ஒரு போன் போடு. அன்றைக்கு நீ எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் பேசு, நான் குறுக்கே வரமாட்டேன்.

தங்கச்சியைச் சாப்பிடச் சொல்.

உன் பங்காளி